இரவில் பிள்ளை ஏன் விழிக்கிறது?
புதிதாகப் பிறந்த பிள்ளையின் தூக்கமும் தாய்ப்பாலும்



பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போகும்போது நம்மிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று இருக்கிறது. "ஐயா, பகலெல்லாம் நல்லா தூங்குது. ராத்திரியானா கண்ணே மூடுறதில்ல. பால் பத்தலியோ?" என்பதுதான் அது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஒரு பிள்ளை அழுதால் நாலு வீட்டுக்குக் கேட்கும். எல்லோருக்கும் விடிந்தால் பெரட்டுக்குப் போக வேண்டும். அதனால் யாராவது ஒருவர், "ஒரு போத்தல் பால்மா கரைச்சுக் குடு, தூங்கிடும்" என்று யோசனை சொல்லுவார். பல வீடுகளில் தாய்ப்பால் குறையத் தொடங்குவது அந்த ஒரு போத்தலில் இருந்துதான். ஆகவே இந்தப் பாடத்தை எல்லோரும் பொறுமையாக வாசியுங்கள்.

1. இரவில் விழிப்பது நோய் அல்ல

பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணித்தியாலம் வரை தூங்கும். ஆனால் நம்மைப் போல ஒரே மூச்சில் தூங்காது. இரண்டு மூன்று மணித்தியாலம் தூங்கும், எழும்பும், குடிக்கும், மறுபடி தூங்கும். வயிற்றுக்குள் இருந்த பிள்ளைக்கு இரவு பகல் தெரியாது. தாய் வேலையை முடித்துப் படுத்த பிறகுதான் வயிற்றில் நன்றாக உதைக்கும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். வெளியே வந்த பிறகு இரவையும் பகலையும் பிரித்துப் பழக ஏறக்குறைய இரண்டு மூன்று மாதம் எடுக்கும்.

பிள்ளையின் இரைப்பையும் சின்னது. முதல் நாளில் ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி அளவு பாலே போதும். தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும். ஆகவே 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தடவை குடிக்க வேண்டும். அதில் சில தடவை இரவில்தான் வரும். பொழுது சாய்ந்த நேரத்தில் விட்டு விட்டுக் குடித்துக்கொண்டே இருந்தாலும் பால் இல்லை என்று அர்த்தம் இல்லை.

பால் பத்துதா இல்லையா என்று அழுகையை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஐந்து நாளைக்குப் பிறகு ஒரு நாளில் 6 தடவையாவது சிறுநீர் போனால், கிளினிக்கில் நிறை ஏறினால், பால் பத்துகிறது. முதல் சில நாளில் நிறை கொஞ்சம் குறைவது வழமை. இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறைக்குத் திரும்பி வர வேண்டும்.

2. இரவுப் பாலின் விசேஷம்

தேயிலைச் செடியை நினைத்துப் பாருங்கள். ரவுண்ட் தவறாமல் கொழுந்து எடுத்தால்தான் புதுத் துளிர் வரும். பாலும் அப்படித்தான். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். பாலை ஊற வைப்பது புரோலக்டின் என்ற ஓமோன். அது பகலை விட இரவில்தான் அதிகமாகச் சுரக்கிறது. இரவுப் பாலை நிறுத்தினால் பகல் பாலும் குறையும்.

இரவில் சுரக்கும் பாலில் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற பொருளும் கூடுதலாக இருக்கிறது. பிறந்த பிள்ளையின் உடம்பு அதைச் சொந்தமாகப் போதிய அளவு செய்வதற்குச் சில மாதம் ஆகும். அதுவரை தாயிடம் இருந்துதான் பெறுகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. பிள்ளைக்கு 6 மாதத்துக்குக் குறைவாக இருந்து, தாய்க்கு மாதவிடாய் திரும்ப வராமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால், 100 பேரில் 98 பேருக்கு அடுத்த கர்ப்பம் தங்காது. ஆனால் வேலைக்குப் போய் இடைவெளி நீண்டால் இந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும். அதற்கு முன்பே குடும்ப நல உத்தியோகத்தரிடம் (நாம் மிட்வைஃப் என்று சொல்கிறவர்) வேறு முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. பால்மா கொடுத்தால் தூங்குமா?

பால்மா குடிக்கும் பிள்ளையும் இரவில் விழிக்கத்தான் செய்யும். அப்போது தாய் எழும்பி, அடுப்பு மூட்டி, தண்ணி கொதிக்க வைத்து, போத்தல் கழுவ வேண்டும். பீலித் தண்ணியில் அவசரமாகக் கழுவிய போத்தலால் வயிற்றோட்டம் வரும். தாய்ப்பாலுக்கு அடுப்பும் வேண்டாம், காசும் வேண்டாம்.

பால்மா விளம்பரங்களைக் கட்டுப்படுத்த உலக சுகாதார சபை 1981ஆம் ஆண்டு ஒரு விதிக்கோவையை ஏற்றுக்கொண்டது. இலங்கை 1983இலேயே தனக்கென்று ஒரு விதிக்கோவை கொண்டுவந்தது. 2016ஆம் ஆண்டு நாடளாவிய ஆய்வில், 6 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 100க்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே குடித்ததாகக் கண்டார்கள். நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம் இது.

4. பெரியவர்கள் சொல்வதில் எதைக் கேட்பது?

பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு வேண்டும், உடம்பு சூடாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது சரி. அதைக் கேளுங்கள். ஆனால் கீழே உள்ளவற்றைச் செய்யாதீர்கள்.

சீம்பாலைப் பீச்சிக் கொட்டாதீர்கள். மஞ்சளாக வரும் அந்தப் பால்தான் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து. பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும்.

சீனித் தண்ணி, கொத்தமல்லித் தண்ணி, கிரைப் வாட்டர் எதுவும் 6 மாதம் வரை வேண்டாம். சின்ன வயிறு தண்ணியால் நிரம்பினால் பாலுக்கு இடம் ஏது?

"மழையில நனைஞ்சு வந்தவ பால் குடுத்தா பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்பார்கள். பால் எப்போதும் உடம்புச் சூட்டில்தான் இருக்கும். ஈர உடுப்பை மாற்றி, கையைக் கழுவி, உடனே கொடுக்கலாம்.

பிள்ளை தூங்க வேண்டும் என்று ஒரு சொட்டு பிரண்டியோ, இருமல் பாணியோ நாக்கில் வைக்கவே கூடாது. அது மூச்சையே நிறுத்திவிடலாம்.

5. குளிர் இரவில் செய்ய வேண்டியவை

நுவரெலியா பக்கம் தை, மாசியில் பனி கொட்டும்போது பிள்ளையின் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். பிள்ளைக்கு நல்ல கணப்பு தாயின் நெஞ்சுதான். துணி இல்லாமல் நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து, முதுகுப் பக்கம் போர்த்திக்கொள்ளுங்கள். 1978இல் கொலம்பியா நாட்டில் போதிய கருவிகள் இல்லாத ஆஸ்பத்திரி ஒன்றில் நிறை குறைந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இந்த முறையை இன்று உலகமெங்கும் செய்கிறார்கள். நெஞ்சில் வைத்திருக்கும் நேரம் தாய் விழித்திருக்க வேண்டும்.

தூங்க வைக்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள். பிரித்தானியாவில் 1991இல் இதைப் பிரசாரம் செய்த பிறகு, தூக்கத்தில் திடீரென இறக்கும் பிள்ளைகளின் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. மெத்தென்ற தலையணை வேண்டாம். கம்பளியை முகத்துக்கு மேல் போடாதீர்கள். சூடு போதுமா என்று பார்க்கக் கையைத் தொடாமல் நெஞ்சையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள்.

பிள்ளை தாயின் அதே அறையில், கை எட்டும் தூரத்தில் தனி விரிப்பில் படுக்கட்டும். குடித்தவர்கள், புகைப்பவர்கள் பக்கத்தில் படுக்கவே கூடாது. நிறை குறைந்த பிள்ளையை யாரோடும் ஒரே படுக்கையில் தூங்க விட வேண்டாம். சேலைத் தொட்டிலில் இரவு முழுக்க விடாதீர்கள். நாடி நெஞ்சில் குத்தினால் மூச்சு அடைக்கும்.

கதவு சன்னலை அடைத்துக் கரி நெருப்பு வைப்பது பெரிய ஆபத்து. அந்த நச்சுக் காற்றுக்கு மணமே இல்லை. வீட்டோடு எல்லோரையும் கொன்றுவிடும்.

இரவில் பால் கொடுக்கும்போது விளக்கைக் குறைத்து வையுங்கள், பேச்சையும் குறையுங்கள். பகலில் கதவைத் திறந்து வெளிச்சம் விடுங்கள். பிள்ளை இரவு பகலைப் பழகுவது இப்படித்தான்.

6. பிள்ளையை எழுப்ப வேண்டிய நேரமும் உண்டு

அழாமல் தூங்குகிற பிள்ளை எல்லாம் நல்ல பிள்ளை என்று நினைக்க வேண்டாம். 2500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளைக்கும், மஞ்சள் கண்ட பிள்ளைக்கும் அழுது கேட்கத் தெம்பு இருக்காது. அவர்களை 2, 3 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுப்பிக் கொடுங்கள். மற்றப் பிள்ளைகளையும் பிறந்த நிறைக்குத் திரும்பும் வரை 4 மணித்தியாலத்துக்கு மேல் தூங்க விடாதீர்கள். துணியைத் தளர்த்தி, உள்ளங்காலைத் தடவினால் எழும்பும்.

7. வேலைக்குத் திரும்பிய பிறகு

பிரசவ லீவு 12 வாரம். 2018ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது, நான்காவது பிள்ளைக்கும் அதே 12 வாரம்தான். அப்படியென்றால் பிள்ளைக்கு ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும்போதே தாய் மலைக்குப் போகிறாள். 6 மாதத்துக்கு இன்னும் மூன்றரை மாதம் இருக்கிறது. அந்த மூன்றரை மாதத்தைக் கடக்க வைப்பது இரவுப் பால்தான். பகலில் தாயைப் பார்க்காத பிள்ளை இரவில் சேர்த்துக் குடிக்கும். அதைத் தடுக்காதீர்கள்.

சட்டப்படி பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை, 9 மணித்தியால வேலை நேரத்துக்குள் பால் கொடுக்க 2 இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. இது சாப்பாட்டு நேரத்துக்கு மேலதிகமானது. கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

காலையில் புறப்படும் முன் ஒரு தடவை கொடுத்துவிட்டு, சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் பாலைப் பீச்சி ஆயம்மாவிடம் கொடுங்கள். 4 மணித்தியாலத்துக்குள் கிண்ணத்தாலும் கரண்டியாலும் கொடுக்கலாம். அதற்குள் உங்கள் முதல் இடைவேளை வந்துவிடும்.

8. வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை

பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் ஆண்களால் முடியும். தண்ணி எடுப்பது, துணி மாற்றுவது, ஏப்பம் விட வைத்துத் தோளில் போட்டுத் தூங்க வைப்பது எல்லாம் செய்யலாம். பகலில் பிள்ளை தூங்கும்போது தாயும் தூங்கட்டும். தாய் இரண்டு கிழமைக்கு மேல் ஓயாமல் அழுதால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், அது சோம்பலும் அல்ல, பேயும் அல்ல. வைத்தியம் உள்ள நோய். உடனே மிட்வைஃபிடம் சொல்லுங்கள்.

9. விடியும் வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

பிள்ளை பால் குடிக்க மறுத்தால், எழுப்பியும் எழும்பாவிட்டால், நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு விட்டால், நெஞ்சு உள்வாங்கினால், காய்ச்சல் அடித்தால் அல்லது உடம்பு சில்லிட்டால், வலிப்பு வந்தால், முதல் நாளிலேயே மஞ்சள் கண்டால், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தோட்ட லொறி வரும் வரை காத்திருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்சை இலவசமாக அழைக்கலாம்.

தாய்மார் கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. இரவுப் பாலை நிறுத்தினால் பகல் பால் ஏன் குறைகிறது?
2. பால் பத்துகிறது என்பதை எப்படிக் கண்டுகொள்வது?
3. எந்தப் பிள்ளைகளை எழுப்பிக் கொடுக்க வேண்டும்?
4. உங்கள் டிவிஷனில் பால் கொடுக்கும் இடைவேளை ஒழுங்காகக் கிடைக்கிறதா?

வாசிக்கத் தெரிந்தவர்கள் இதைப் பக்கத்து வீட்டு மாமியாருக்கும் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள்.