சிறந்த பாடகர் யார்?

'புரோகிரசிவ் ராக்' இசையில் சிறந்த பாடகர் யார் என்று பிள்ளைகள் வாதாடும்போது, "எல்லாம் ஒரே கூச்சல்" என்று அதட்டியவன்தான் நானும். என் மகன் ஒரு சோதனை வைத்தான்.

இங்கிலாந்தின் ஜெனிசிஸ் குழுவில் வேடமிட்டு, நடித்துப் பாடியவர் பீட்டர் கேப்ரியல். 1975-இல் அவர் விலகினார். பலரைப் பாடவைத்துப் பார்த்தும் சரிவராமல், டிரம்ஸ் வாசித்த பில் காலின்ஸே பாட நேர்ந்தது. 'சப்பர்ஸ் ரெடி' என்ற சுமார் 23 நிமிடப் பாடலை 1972 இசைத்தட்டில் கேப்ரியலும், 1977-இல் வெளிவந்த மேடைப் பதிவில் காலின்ஸும் பாடியுள்ளனர். பாட்டு ஒன்றே, முன்னவர் கதை சொல்கிறார், பின்னவர் மெட்டை இழைக்கிறார்.

சரக்கு எஞ்சினுக்கும் பயணிகள் எஞ்சினுக்கும் பல்சக்கர விகிதம் வேறு. எந்த வேலைக்கு எது என்றுதான் பார்ப்போம். குரலும் அப்படியே.

எனக்குக் கேப்ரியல், மகனுக்குக் காலின்ஸ். நீங்களும் பிள்ளைகளோடு அமர்ந்து இரண்டையும் கேட்டுப் பாருங்களேன்!