வளரும் வியாபாரத்தின் உயிர்நிலை

தாராவியில் தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரிந்து செல்லும் சந்து ஒன்றில், ஓர் ஆள் கைகளை விரித்தால் இரு புறத்துச் சுவர்களும் தட்டுப்படக்கூடிய அவ்வளவு குறுகலான இடத்தில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று நடத்திவரும் முறுக்குப் பட்டறையில், சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் விடியற்காலையில் உட்கார்ந்திருந்தேன். அடுப்பின்மேல் இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. எதிரே இரண்டு பெண்கள் தட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு, அவற்றின் முதுகில் மாவைச் சுற்றிச் சுற்றிப் பிழிந்துகொண்டிருந்தார்கள். முதலாளி நாற்பது வயதைத் தாண்டாதவர். ஒவ்வோர் ஈடும் வெந்து வந்ததும் அதிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் காதருகே வைத்து உடைப்பார். உடைகிற சத்தம் மனத்துக்குப் பிடித்திருந்தால் தலையை அசைப்பார். பிடிக்காவிட்டால் அந்த ஈடு முழுவதையும் தனிக் கூடையில் கொட்டிவிடுவார்.

அந்த ஒரு மாதத்துக்குள் அவரைத் தேடி மூன்று யோசனைகள் வந்திருந்தன. செம்பூர் ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு கடை, பெருந்தொகை டெபாசிட்டின் பேரில், வாடகைக்குக் கிடைப்பதாக இருந்தது. பல கிளைகள் உள்ள பெரிய அங்காடி ஒன்று, மாதந்தோறும் அவருடைய இப்போதைய உற்பத்தியைப்போல் இரு மடங்கு சரக்கை எடுத்துக்கொள்வதாகவும், பணத்தை அறுபது நாள் கழித்துத் தருவதாகவும் சொல்லியிருந்தது. தானேயில் இருக்கும் உறவினர் ஒருவர், இவருடைய பெயரையே பலகையில் எழுதித் தாம் ஒரு கடை திறந்து, வரும்படியில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுவதாகக் கேட்டிருந்தார்.

“மூணும் நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி, எதுல காலை வைக்கன்னுதான் தெரியல” என்றார் அவர்.

இவ்விதமான கேள்விக்கு விடை தருவதற்கென்றே மேல்நாட்டு நிர்வாக சாஸ்திரம் சில சட்டகங்களை வகுத்துவைத்திருக்கிறது. அவற்றுள் மிகப் பிரசித்தமானது, 1957ஆம் ஆண்டில் இகோர் ஆன்சாஃப் என்ற அறிஞர் வெளியிட்ட நாற்கட்டம். பழைய பொருளைப் பழைய வாடிக்கையாளரிடமே அதிகமாக விற்பது, பழைய பொருளைப் புதிய சந்தைக்குக் கொண்டுபோவது, பழைய சந்தைக்கே புதிய பொருளைச் செய்வது, பொருளும் சந்தையும் இரண்டுமே புதிதாகத் தொடங்குவது என்ற நான்கில் எதுவாகிலும் ஒன்றாகவே எந்த வளர்ச்சியும் இருக்க முடியும் என்பதும், நான்காவதில் அபாயம் மிக அதிகம் என்பதும் அதன் சாரம். முறுக்குக்காரர் மிக்சரும் செய்து துபாய்க்கு அனுப்பலாமா என்று யோசித்திருந்தால், இந்தக் கட்டம் அவரைத் தக்க தருணத்தில் தடுத்து நிறுத்தியிருக்கும். ஆனால், அவருக்கு வந்த மூன்று யோசனைகளையும் அதில் வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே கட்டத்தில், அதாவது பழைய பொருள், புதிய சந்தை என்ற கட்டத்தில், போய் விழுகின்றன! ஆகவே அபாயத்தின் அளவைக் காட்டிய கட்டம், வழியைக் காட்டவில்லை.

லாரி கிரைனர் 1972இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தில் இன்னும் சற்று நெருங்கி வருகிறது. ஒரு ஸ்தாபனத்தை ஒரு பருவத்தில் வாழவைத்த குணமே அடுத்த பருவத்தில் அதன் நெருக்கடிக்குக் காரணமாகும் என்பது அவருடைய கொள்கை. ஸ்தாபகரின் கைத்திறனாலும் உழைப்பாலும் வளர்ந்த தொழில், ஒருவர் கைக்கு அடங்காத அளவை எட்டும்போது தலைமை நெருக்கடியில் சிக்குகிறது. அதைத் தீர்க்கப் பொறுப்பைப் பிறருக்குக் கொடுக்காவிட்டால் கீழே உள்ளவர்கள் சோர்கிறார்கள். கொடுத்துவிட்டாலோ, கட்டுப்பாடு குலைகிறது. ஒவ்வொரு முறுக்கின் சத்தத்தையும் தம் காதாலேயே கேட்கும் நம்முடைய முதலாளி, முதல் நெருக்கடியின் வாசற்படியில் நிற்கிறார் என்பது தெளிவு.

சிறு வயதில் நாம் எல்லோரும் கேட்ட கதை ஒன்று உண்டு: ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு குகைக்குள் இருக்கும் கிளியின் உடலில் தன் உயிரை ஒளித்துவைத்த மந்திரவாதியின் கதை. வியாபாரங்களுக்கும் அவ்வாறே ஓர் உயிர்நிலை இருக்கிறது என்பதும், அது எங்கே இருக்கிறது என்று அறியாமல் செய்யும் விஸ்தரிப்பு, கிளியை வீட்டில் விட்டுவிட்டு மந்திரவாதி மட்டும் தேசாந்தரம் போவதற்கு ஒப்பாகும் என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம். வழியைத் தேர்ந்தெடுக்குமுன் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். அதற்கு உதவக்கூடிய உதாரணங்கள் பம்பாயிலேயே, ஒரு மணி நேரப் பிரயாணத்துக்குள் இருக்கின்றன.

முதலாவது, மாதுங்கா. 1936இல் கஃபே மைசூர், 1937இல் மணீஸ் லஞ்ச் ஹோம், 1939இல் ராம் ஆஷ்ரயா, 1940இல் கஃபே மெட்ராஸ், 1942இல் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் என்று, ஆறே ஆண்டுகளுக்குள், ஒருவர் நடந்தே சுற்றிவந்துவிடக்கூடிய பரப்பில், தென்னிந்தியர்களுக்காக இந்தச் சாப்பாட்டுக் கடைகள் தோன்றின. குமாஸ்தாக்களாகவும் தட்டெழுத்தர்களாகவும் பம்பாய்க்கு வந்து, ஊர்ச் சோற்றுக்கு ஏங்கிக் கிடந்தவர்களின் பசியே இவற்றின் மூலதனம். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இவற்றின் பெயர் மங்காதிருப்பதோடு, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கஃபே மெட்ராஸின் வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டு நடைபாதையில் காத்து நிற்கும் கூட்டத்தில் குஜராத்தியரும் மராட்டியரும் தமிழரைவிட அதிகமாகவே இருப்பதைக் காண்கிறோம். இத்தனை கிராக்கி இருந்தும், நகரெங்கும் கிளை பரப்பும் ஆசைக்கு இவை எளிதில் இடம் கொடுக்கவில்லை. இங்கே உயிர்நிலை முதலாளியின் கண்ணிலும், ஒரே சமையற்கட்டின் பழக்கத்திலும், அந்தத் தெருவிலும் இருக்கிறது. அதைப் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் நடுவது எளிதன்று. ஆகவே வளர்ச்சியை இவர்கள் பரப்பில் தேடாமல் ஆழத்தில் தேடினார்கள். இடத்தின் அளவு மாறாதபோது, ஒரே நாற்காலியில் ஒரு நாளில் எத்தனை பேர் உட்கார்ந்து எழுகிறார்கள் என்பதே லாபத்தைத் தீர்மானிக்கிறது.

ஆனால் இந்த வழியைப் பின்பற்ற விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை சொல்லியாகவேண்டும். பம்பாயின் பழைய கட்டடங்களில், ஒரு பெருந்தொகையை முன்கூட்டிக் கொடுத்துவிட்டுச் சொற்ப வாடகையில் நிலையாக இடம்பிடிக்கும் பகடி என்ற முறையும், அதற்கு அரணாக 1947ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இருந்தமையால், அந்தக் காலத்தில் இடம்பிடித்தவர்கள் பலர் இன்றைக்கும் மிகச் சொற்ப வாடகையே கொடுத்துவருகிறார்கள். செம்பூரில் இன்று கடை எடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பழைய கடையின் ருசியையும் விலையையும் பார்த்துவிட்டு, அதன் அடியில் மறைந்து கிடக்கும் வாடகையைப் பார்க்காமல் அதே மாதிரியைப் பிரதி செய்பவர், தாம் காணாத ஒன்றின்மேல் கணக்குப் போடுகிறார். வெற்றி பெற்ற மாதிரி எதுவானாலும், அது பிறந்த காலத்தில் எது மலிவாக இருந்தது என்று முதலில் விசாரியுங்கள்.

இரண்டாவது உதாரணம் இதற்கு நேர்மாறானது. தூத்துக்குடி மாவட்டத்து நாகலாபுரத்திலிருந்து 1990ஆம் ஆண்டில், பதினேழு வயதில், பம்பாய் வந்து இறங்கிய பிரேம் கணபதி, மாஹிமில் ஒரு பேக்கரியில் மாதம் 150 ரூபாய்க்குப் பாத்திரம் கழுவி, 1992இல் வாஷி ரயில் நிலையத்தின் எதிரே தள்ளுவண்டியில் இட்லி, தோசை விற்று, 1997இல் அங்கேயே சிறு கடை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். சீன உணவின் காய்கறிகளையும் சாறுகளையும் தோசைக்குள் புகுத்தி, அவர் படிப்படியாக உண்டாக்கிய வகைகள் நூற்றைத் தாண்டின. அதன்பின் 2003இல் தானேயின் வொண்டர் மாலில் முதல் ஃப்ரான்சைஸ் கடை திறக்கப்பட்டது. தோசா பிளாசா என்ற அந்தப் பெயர் பிற்பாடு நியூசிலாந்துவரை சென்றது. இவருடைய பொருளின் உயிர் ஒருவர் கைவாகில் இல்லாமல், எழுதிவைக்கக்கூடிய செய்முறையிலும் பெயரிலும் இருந்தது. நூறு வகைத் தோசையும் ஒரே கல்லில், ஒரே மாவில், அளந்து ஊற்றும் சாறுகளின் வேறுபாட்டால் பிறப்பவை. கரண்டிக் கணக்காக எழுதமுடிந்ததை மட்டுமே பிறரிடம் ஒப்படைக்கமுடியும். தானேயிலுள்ள உறவினருக்குப் பெயரைக் கொடுப்பதா என்ற கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது: முறுக்கு உடையும் சத்தத்தை எண்ணெயின் சூடு, மாவின் ஈரம், வேகும் நிமிஷம் என்று எண்களாக மாற்ற முடிந்தால் கொடுக்கலாம், முடியாதவரையில், உறவு எவ்வளவு நெருங்கியதானாலும் கொடுக்கலாகாது. பெயர் கெட்டால் இரு கடைகளிலும் கெடும்.

பெரிய அங்காடியின் யோசனையைப் பற்றி நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. பிறர் பெயருக்குச் சரக்குச் செய்வது தாராவியின் தோல் பட்டறைகள் தலைமுறைகளாக அறிந்த வழி. வேலை நிச்சயம், லாப விகிதம் சொற்பம், பாக்கி மிக அதிகம். 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான சட்டப்படி, பதிவு செய்துகொண்ட சிறு உற்பத்தியாளருக்கு வரவேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் நிறுத்திவைக்கக் கூடாது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்குக் கூட்டு வட்டி உண்டு. ஆகவே உத்யம் என்ற அந்த அரசாங்கப் பதிவைச் செய்துகொண்டு, அறுபது நாள் என்ற பேச்சை நாற்பத்தைந்துக்குள் கொண்டுவரச் செய்து, அதன் பின்னும் மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஒரே வாங்குபவரிடம் கொடுக்காமலிருந்தால் இந்த வழி தீங்கில்லாதது. கைமாற்று வாங்கி எண்ணெய் பிடிக்கிற நிலையில் இருப்பவர் இதில் இறங்கவே வேண்டாம்.

எவரும் அவரிடம் சொல்லாத நான்காவது வழி ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தமானதும் அதுவே. 1959 மார்ச் 15ஆம் தேதி, கிர்காமில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், எண்பது ரூபாய் கடன் வாங்கி, ஏழு பெண்கள் நான்கு பாக்கெட் அப்பளம் செய்தார்கள். லிஜ்ஜத் என்று இன்று தேசம் முழுவதும் அறிந்த ஸ்தாபனத்தின் பிறப்பு அது. அங்கே உறுப்பினர் ஒவ்வொருவரும் உடைமையாளர். லாபமும் நஷ்டமும் எல்லோருக்கும் உரியவை. ஆனால் நான் கவனிக்கச் சொல்வது அந்தத் தர்மத்தை மட்டுமல்ல, வேலையை அவர்கள் பிரித்த விதத்தை. மாவு கிளையில் ஒரே இடத்தில் பிசையப்படுகிறது, காலையில் பெண்கள் வந்து அதை வாங்கிக்கொண்டுபோய்த் தத்தம் வீட்டில் இட்டு உலர்த்தி, மறுநாள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், தரம் பார்க்கப்படுகிறது, கூலி கையோடு கிடைக்கிறது. ருசியைத் தீர்மானிக்கும் மாவு ஒரே கையில்; பழகினால் எவரும் செய்யக்கூடிய இடும் வேலை ஆயிரம் வீடுகளில். உயிர்நிலை எது என்று கண்டுகொண்டு அதை மட்டும் மையத்தில் வைத்துக்கொண்ட இந்தத் தீர்க்கதரிசனத்துக்கு இணையாக வேறொன்றை நான் கண்டதில்லை. இவர்களும் இடறாமல் வளர்ந்தவர்கள் அல்லர்: 1961இல் மலாடில் கிளை தொடங்க முயன்று அது பலிக்கவில்லை, ஏழு ஆண்டு பொறுத்து, 1968இல் குஜராத்தின் வாலோடில்தான் மாநிலத்துக்கு வெளியே முதல் கிளை அமைந்தது. எடித் பென்ரோஸ் என்ற பொருளியல் அறிஞர், லிஜ்ஜத் பிறந்த அதே 1959இல் வெளியான தம் நூலில், ஒரு ஸ்தாபனம் எவ்வளவு வேகமாக வளரலாம் என்பதற்கு எல்லையிடுவது, அதன் உள்ளேயே பழகித் தேர்ந்த நிர்வாகிகளின் எண்ணிக்கை என்று நிறுவினார். அந்த ஏழு ஆண்டுகளை இந்தக் கருத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது அவை வீணானவையாக எனக்குத் தோன்றவில்லை.

தாராவிக்காரருக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தில் 2022இல் அதானி குழுமம் வென்றபின், இந்தச் சந்துகள் இதே உருவில் எத்தனை நாள் இருக்கும் என்ற கவலை எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. மாவு அரைப்பவர், எண்ணெய் மொத்த விலைக்குத் தருபவர், பாக்கெட் அச்சடிப்பவர், அவசரத்துக்குக் கைகொடுக்கும் பக்கத்துப் பட்டறை என்று கூப்பிடு தூரத்தில் கிடைக்கும் உதவிகளுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பற்று எழுதுவதில்லை; இடம் பெயர்ந்த மறுநாளே அவை செலவாக வந்து நிற்கும். தனியாகப் போவதைவிட நாலைந்து பட்டறைகள் சேர்ந்து மாவையும் எண்ணெயையும் பொதுவில் வாங்கப் பழகிக்கொள்வது, நாளைக்கு எங்கே போக நேர்ந்தாலும் உதவும்.

இவற்றையெல்லாம் சொன்னபின் அவரிடம் ஒரே ஒரு பரீட்சையை மட்டும் வைத்தேன். ஊரில் அம்மன் கோயில் கொடைக்கு ஆண்டுதோறும் ஒரு நாள் போய்விட்டு ஓடிவருகிறவர், இம்முறை பத்து நாள் தங்கவேண்டும்; பட்டறை வழக்கம்போல் நடக்கவேண்டும்; நாளுக்கு ஒரு பாக்கெட்டைத் தேதி எழுதி எடுத்துவைக்கவேண்டும். மிகவும் தயங்கித்தான் போனார்.

திரும்பி வந்தபின் என்னையும் அழைத்து, பத்துப் பாக்கெட்டுகளையும் வரிசையாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் ஒரு முறுக்கை எடுத்துக் காதருகே வைத்து உடைத்தார். முதல் ஐந்தும் அவர் இருந்தபோது போட்டவைபோலவே உடைந்தன. ஆறாவதும் அதன்பின் வந்தவையும் நிறம் கறுத்து, மென்றால் சிக்கெண்ணெய் வாடை அடித்தது. அவர் முகம் வாடிவிட்டது. மாவு பிழிகிற மூத்த பெண்மணி அடுப்படியிலிருந்தே சொன்னார்: “எண்ணெய மாத்தணும்னு எனக்குத் தெரியும்யா. புது டின்னு அலமாரிக்குள்ள. சாவி உங்க இடுப்புல.”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அரைஞாணில் கட்டியிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து, அலமாரிச் சாவியை மட்டும் தனியே கழற்றி அந்த அம்மாளிடம் கொடுத்தார். செம்பூர்க் கடைக்காரருக்குத் தீபாவளி கழித்துப் பதில் சொல்வதாகச் செய்தி அனுப்பிவிட்டு, எத்தனை ஈட்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றவேண்டும் என்று அந்த அம்மாளைக் கேட்டுக் கேட்டு, சிட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.