ஒரு பற்றரிக்கு இரண்டு சோலார் பெனல்: பாதுகாப்பாக இணைப்பது எப்படி?

ஊவாவில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழையும் மூடுபனியும் அதிகம். கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவு 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, இந்தப் பருவத்திலேயே நடந்தது. இந்த மாதங்களில் மின்சாரம் நின்றாலும் உங்கள் கைபேசியில் சார்ஜ் இருக்க வேண்டும். மண்சரிவு எச்சரிக்கையை அறியவும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117இல் அழைக்கவும் அது தேவை.

வெயில் குறைந்த நாட்களில் ஒரு பெனல் போதாது. இரண்டாவது பெனலையும் அதே பற்றரியுடன் இணைக்கலாம். கூரையின் கிழக்குச் சரிவில் ஒன்று, மேற்குச் சரிவில் ஒன்று வைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் கிடைக்கும். முதல் பெனலுடன் வந்த சார்ஜ் கொன்ட்ரோலர் இரண்டையும் தாங்காமல் போகலாம். எனவே ஒவ்வொரு பெனலுக்கும் தனி கொன்ட்ரோலர் வையுங்கள்.

செய்ய வேண்டியவை:

1. இரண்டு கொன்ட்ரோலர்களிலும் ஒரே பற்றரி வகையையும் ஒரே வோல்ட் அளவையும் தெரிவு செய்யுங்கள். அமிலப் பற்றரிக்கான அளவு லித்தியம் பற்றரிக்குப் பொருந்தாது.
2. ஒவ்வொரு கொன்ட்ரோலரிலிருந்தும் தனி வயர்களைப் பற்றரிக்குக் கொண்டுவாருங்கள். பிளஸ் வயர் ஒவ்வொன்றிலும், பற்றரிக்கு அருகில், ஒரு பியூஸ் போடுங்கள். பியூஸ் இல்லாத வயர் உரசினால் தீப்பற்றலாம்.
3. முதலில் பற்றரியை இணைத்து, பிறகு பெனலை இணையுங்கள். கழற்றும்போது பெனலை முதலில் கழற்றுங்கள்.
4. ஒரு பெனலின் வயரை மற்றப் பெனலின் வயருடன் சேர்க்காதீர்கள். இரண்டு கொன்ட்ரோலர்களின் பல்பு முனைகளையும் ஒன்றாக இணைக்காதீர்கள்.
5. மொத்த அம்பியரைக் கூட்டிப் பாருங்கள். 12 வோல்ட் பற்றரிக்கான 100 வாட் பெனல் நல்ல வெயிலில் 5 முதல் 6 அம்பியர் வரை தரும்; இரண்டும் சேர்ந்தால் 12 வரை வரும். பற்றரியில் எழுதியுள்ள உச்ச அளவை இது தாண்டக் கூடாது.

ஒரு கொன்ட்ரோலர் ‘நிறைந்தது’ என்று காட்ட, மற்றது சார்ஜ் செய்துகொண்டிருக்கலாம். இரண்டும் வோல்ட்டை அளப்பதில் சிறு வித்தியாசம் இருக்கும், அது பழுதல்ல.

அமிலப் பற்றரி சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய வாயு வெளிவரும். அதை அடுப்படியிலோ படுக்கும் அறையிலோ வைக்காமல், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெள்ளத்திலோ சேற்றிலோ கிடந்த பற்றரியையும் கொன்ட்ரோலரையும் மின் வேலை தெரிந்தவரிடம் காட்டாமல் இணைக்காதீர்கள்.

வெளியேறும்படி எச்சரிக்கை வந்தால், பற்றரியைக் கழற்ற நிற்காதீர்கள். கைபேசியை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு உடனே பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்.