ஒரு முறை சொல்லிக் கொடுங்கள், 84 முறை செய்யும்! ஆடாசிட்டியில் மேக்ரோ எழுதுவது எப்படி?

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஆடியோ கேசட்டுகள் இருக்கின்றனவா? தாத்தா பாட்டியின் குரல், அக்காவின் கல்யாண நாதஸ்வரம், ஊர்த் திருவிழா என்று ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டு கேசட் முடிந்ததும் சலித்துப் போய் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, சுத்தம் செய்து, சத்தத்தைக் கூட்டி, எம்பி3 ஆக மாற்றி, மூடி, அடுத்ததைத் திறந்து... யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

இந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்யும்படி சொல்லிக் கொடுப்பதுதான் இந்தக் கட்டுரை. புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டாம். மவுஸைப் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

எங்கள் வீட்டுக் கேசட்டுகள்

என் ஊர் திருவண்ணாமலை. எங்கள் மாவட்டம் தெருக்கூத்துக்குப் பேர்போனது. செய்யாறு பக்கம் உள்ள புரிசை கிராமத்தைக் கூத்து தெரிந்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் இரவு முழுக்கப் பாரதக் கூத்து நடக்கும். என் தாத்தா கூத்தில் முகவீணை வாசித்தவர். முகவீணை என்றால் வீணை அல்ல; நாதஸ்வரத்தின் குட்டித் தம்பி மாதிரி, வாயால் ஊதும் சிறிய குழல். அப்பா ஒரு டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் ஏழு இரவுக் கூத்தைப் பதிவு செய்து வைத்திருந்தார். ஓர் இரவுக்கு 90 நிமிடக் கேசட் ஆறு. மொத்தம் 42 கேசட்டுகள். தாத்தா வாசித்ததற்கு வேறு எந்தப் பதிவும் கிடையாது.

கேசட் என்பது பிளாஸ்டிக் நாடாவின் மேல் பூசிய காந்தத் தூள். வெயில், ஈரம், பூஞ்சை மூன்றுமே அதற்கு எதிரிகள். ஒரு கேசட்டின் நாடா பிளேயரில் சிக்கிக் கசங்கிய அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. அன்றே வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் பதிவு

டேப் ரெக்கார்டரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு கேபிளைக் கம்ப்யூட்டரின் லைன்-இன் துளைக்குக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் அது பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். லேப்டாப்பில் லைன்-இன் இல்லாவிட்டால் யுஎஸ்பி-யில் செருகும் சிறிய ஆடியோ கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. லைன்-இன் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற மென்பொருளைப் பயன்படுத்தினேன். இது இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டேனன்பர்க் இருவரும் 1999-ல் ஆரம்பித்த திட்டம் இது, 2000-ல் வெளிவந்தது. நான் இங்கே சொல்வது இதன் 3-ஆம் வரிசைப் பதிப்புக்குப் பொருந்தும்.

பதிவை வேவ் ஃபைலாகவே வையுங்கள். எம்பி3 இடத்தை மிச்சப்படுத்தும்; ஆனால் ஒலியின் ஒரு பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் மிச்சப்படுத்தும். நொடிக்கு 44,100 சாம்பிள், 16 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேர வேவ் சுமார் 635 எம்பி. மோனோ என்றால் அதில் பாதி. அப்பாவின் டேப் மோனோ. எனவே 63 மணி நேரக் கூத்தும் 20 ஜிபி-யில் அடங்கிவிட்டது. இன்றைய ஹார்ட் டிஸ்க்கில் இது ஒரு மூலை.

இந்தப் பகுதிக்குக் குறுக்கு வழி கிடையாது. 45 நிமிடப் பக்கம் ஓட 45 நிமிடம் ஆகத்தான் செய்யும். நான் சென்னையில் வேலை பார்ப்பவன். வார இறுதிகளில் ஊருக்கு வந்து, நான்கு மாதத்தில் 84 பக்கங்களையும் ஏற்றி முடித்தேன்.

மேக்ரோ என்றால் என்ன?

இப்போது 84 ஃபைல்கள். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை ஒன்றேதான். கையால் செய்தால் ஒரு ஃபைலுக்கு ஏழு நிமிடம் என்றாலும் கிட்டத்தட்ட பத்து மணி நேரம்!

சமையலுக்குக் குறிப்பு எழுதி வைப்பது போல, கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதி வைப்பதுதான் ஸ்கிரிப்ட். ஆடாசிட்டியில் இதன் எளிய வடிவத்துக்கு மேக்ரோ என்று பெயர். பழைய பதிப்புகளில் இதைச் செயின் என்று அழைத்தார்கள். 2018-ல் வந்த 2.3 பதிப்பிலிருந்து மேக்ரோ ஆயிற்று.

இனி கீழே உள்ளபடி செய்யுங்கள்.

1. 'டூல்ஸ்' மெனுவில் 'மேக்ரோ மேனேஜர்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஒரு விண்டோ திறக்கும். இடப்பக்கம் மேக்ரோக்களின் பட்டியல். வலப்பக்கம், தேர்ந்தெடுத்த மேக்ரோவில் உள்ள கட்டளைகள்.

2. 'நியூ' பட்டனை அழுத்தி ஒரு பெயர் கொடுங்கள். நான் 'கூத்து' என்று கொடுத்தேன்.

3. 'இன்சர்ட்' பட்டனை அழுத்தினால் கட்டளைகளின் நீண்ட பட்டியல் வரும். அதில் 'ஹை-பாஸ் ஃபில்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்து 'எடிட் பாராமீட்டர்ஸ்' கொடுங்கள். ஃப்ரீக்வென்சி என்ற இடத்தில் 80 என்று டைப் செய்து ஓகே கொடுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டேப்புகளில் கேட்கும் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் பெரும்பாலும் இதிலிருந்து வருவதுதான். 80-க்குக் கீழே உள்ள ஒலியைக் குறைத்தால் ரீங்காரமும் குறையும். 80-ஐ விட அதிகமாக வைக்காதீர்கள். மிருதங்கத்தின் தொப்பி ஓசை மெலிந்துவிடும்.

4. மறுபடியும் 'இன்சர்ட்'. இந்த முறை 'நார்மலைஸ்'. இது சத்தத்தைச் சரியான உச்ச அளவுக்குக் கொண்டுவரும். அளவு -1 டெசிபல் என்று வையுங்கள்.

5. கடைசியாக 'எக்ஸ்போர்ட் ஆஸ் எம்பி3'. இது கடைசியாக நீங்கள் எம்பி3 சேமித்தபோது வைத்திருந்த தரத்தையே பின்பற்றும். எனவே முன்கூட்டியே ஒரு ஃபைலைக் கையால் எக்ஸ்போர்ட் செய்து, வேண்டிய தரத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். 128 கேபிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரம் சுமார் 58 எம்பி.

6. 'சேவ்' பட்டனை அழுத்துங்கள். மேக்ரோ தயார்.

இயக்குவதற்கு முன் திறந்திருக்கும் புராஜெக்டைச் சேமித்து மூடிவிடுங்கள். பிறகு மேக்ரோ மேனேஜரில் 'ஃபைல்ஸ்' பட்டனை அழுத்தி, வேண்டிய வேவ் ஃபைல்களை எல்லாம் தேர்ந்தெடுத்து 'ஓபன்' கொடுங்கள். அவ்வளவுதான். ஆடாசிட்டி ஒவ்வொன்றாகத் திறந்து, வேலையை முடித்து, புதிய எம்பி3-ஐ 'மேக்ரோ-அவுட்புட்' என்ற தனி ஃபோல்டரில் வைக்கும். அந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்பதைப் 'பிரிஃபரன்சஸ்' பகுதியில் 'டைரக்டரீஸ்' பக்கத்தில் பார்க்கலாம், மாற்றவும் செய்யலாம்.

புதிய ஃபைலுக்கும் பழைய பெயரே வரும். எனவே பெயர்களை முதலிலேயே ஒழுங்காக வையுங்கள். நான் '03-கர்ண மோட்சம்-2-முதல் பக்கம்' என்பது போல வைத்தேன். எண்ணை 3 என்று போடாமல் 03 என்று போட்டால் பட்டியல் எப்போதும் சரியான வரிசையில் நிற்கும்.

நான் செய்த தவறு

இவ்வளவும் சரியாகச் செய்த நான் ஒரு பெரிய தவறும் செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

கேசட்டில் 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் எப்போதும் இருக்கும். அதைக் குறைக்க ஆடாசிட்டியில் 'நாய்ஸ் ரிடக்ஷன்' உள்ளது. முதலில் இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டைக் காட்டி, 'இதுதான் இரைச்சல்' என்று மாதிரி கொடுக்க வேண்டும். பிறகு அது அதே போன்ற ஒலியை முழுப் பதிவிலும் குறைக்கும். இதையும் மேக்ரோவில் சேர்த்தால் என்ன என்று தோன்றியது. யாரும் பேசாத இரண்டு நொடியை மாதிரியாகக் கொடுத்தேன். ஒரு ஃபைலில் ஓட்டி, கட்டியங்காரன் வசனம் பேசும் இடத்தைக் கேட்டேன். கண்ணாடி போலத் தெளிவு! உடனே 84 ஃபைல்களையும் கொடுத்துவிட்டு, பௌர்ணமி என்பதால் கிரிவலம் கிளம்பிவிட்டேன். 14 கிலோமீட்டர் சுற்றிவிட்டு வந்து பார்த்தால் வேலை முடிந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

காலையில் ஆயாவை உட்கார வைத்து ஹெட்ஃபோன் மாட்டிவிட்டேன். ஐந்து நிமிடம் கேட்டிருப்பார். கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.

"பாட்டு கேக்குது. உங்க தாத்தா ஊதுறது எங்கடா?"

"நல்லா கேளு ஆயா, பின்னாடி கேக்கும்."

"நாப்பது வருசம் கேட்டவ நானு. என்னமோ தண்ணிக்குள்ள இருந்து ஊதுற மாதிரி இருக்குது. இது அவர் இல்ல."

பழைய வேவ் ஃபைலைப் போட்டேன். இரைச்சலுக்கு நடுவே முகவீணை கணீரென்று கேட்டது. சுத்தம் செய்த எம்பி3-ல் இழுத்து ஊதும் இடமெல்லாம் மெலிந்து, நடுநடுவே அறுந்து போயிருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. நான் மாதிரியாகக் கொடுத்த அந்த இரண்டு நொடியில் யாரும் பேசவில்லை, சரி. ஆனால் பின்னால் ஹார்மோனியத்தின் சுருதி மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தது. அதையும் இரைச்சல் என்றே கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. அந்தச் சுருதியோடு சேர்ந்து முகவீணை நிற்கும்போதெல்லாம் அதையும் குறைத்துவிட்டது. அது மட்டுமல்ல. மேக்ரோவில் இந்தக் கட்டளை, கடைசியாகக் கொடுத்த மாதிரியையே எல்லா ஃபைலுக்கும் பயன்படுத்தும். ஒவ்வொரு கேசட்டின் இரைச்சலும் வேறு வேறு. ஒன்றின் மாதிரி இன்னொன்றுக்குப் பொருந்தாது.

மென்பொருளின் மேல் குற்றம் இல்லை. நான் சொன்னதை அது அப்படியே செய்தது. கையால் செய்திருந்தால் மூன்றாவது ஃபைலிலாவது சந்தேகம் வந்து நிறுத்தியிருப்பேன். மேக்ரோவுக்குச் சந்தேகம் வராது. சரியை 84 முறை செய்வது போலவே தவறையும் 84 முறை செய்யும்.

வேவ் ஃபைல்கள் பத்திரமாக இருந்ததால் எனக்கு நஷ்டம் ஓர் இரவு மட்டுமே. 'எம்பி3 வந்துவிட்டது, இனி வேவ் எதற்கு?' என்று அழித்திருந்தால்? அதற்குள் நான்கு கேசட்டுகளின் நாடா மறுபடி ஓட்ட முடியாத நிலைக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கங்களில் தாத்தாவை நானே அழித்தவன் ஆகியிருப்பேன்.

மறக்கக் கூடாத மூன்று

ஒன்று: மூலப் பதிவைத் தொடாதீர்கள். 'மூலம்' என்று தனி ஃபோல்டரில் வைத்து, எல்லா ஃபைல்களையும் செலக்ட் செய்து, ரைட் கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்' சென்று 'ரீட்-ஒன்லி' என்பதில் டிக் செய்யுங்கள். இன்னொரு பிரதியை வேறு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள்.

இரண்டு: ஒரு ஃபைலில் சோதித்தால் போதாது. முதல், நடு, கடைசி என்று மூன்று ஃபைல்களில் ஓட்டுங்கள். பேச்சு, பாட்டு, வாத்தியம் மூன்றும் வரும் இடங்களைக் கேளுங்கள். உங்களை விட அந்தக் குரலை நன்றாகத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அவரையும் கேட்கச் சொல்லுங்கள்.

மூன்று: எல்லாவற்றுக்கும் பொதுவான வேலையை மட்டும் மேக்ரோவிடம் கொடுங்கள். காது கேட்டு முடிவு செய்ய வேண்டியதைக் கையால் செய்யுங்கள். இப்போது என் மேக்ரோவில் ஹை-பாஸ், நார்மலைஸ், எக்ஸ்போர்ட் மூன்று மட்டுமே. இரைச்சல் மிக மோசமான கேசட்டுக்கு மட்டும் அதன் சொந்த மாதிரியை எடுத்து, 6 டெசிபல் அளவில் கையால் குறைக்கிறேன். கொஞ்சம் 'உஸ்ஸ்' இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னும் கொஞ்சம்

அடிக்கடி பயன்படுத்தும் மேக்ரோவுக்கு ஷார்ட்கட் கீ கொடுக்கலாம். 'பிரிஃபரன்சஸ்' பகுதியில் கீபோர்டு ஷார்ட்கட்டுகளுக்கான பக்கத்தில் உங்கள் மேக்ரோவின் பெயரும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, விரும்பிய கீயை அழுத்தி 'செட்' கொடுங்கள்.

மேக்ரோ மேனேஜரில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் உங்கள் மேக்ரோ ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமிக்கப்படும். அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒரு வரிக்கு ஒரு கட்டளை, பக்கத்தில் நீங்கள் கொடுத்த 80, -1 போன்ற எண்கள். அந்த எண்ணை நோட்பேடிலேயே மாற்றிச் சேமித்து, 'இம்போர்ட்' செய்து பாருங்கள். ஆம், நீங்கள் ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பித்துவிட்டீர்கள்!

இதற்கு மேல் போக விரும்புபவர்களுக்கு, சொந்த எஃபெக்ட் எழுத ஆடாசிட்டிக்குள்ளேயே நைக்விஸ்ட் என்ற மொழி உள்ளது. பைத்தான் தெரிந்தவர்கள் வெளியிலிருந்தும் ஆடாசிட்டிக்குக் கட்டளை அனுப்பலாம். ரீப்பர் என்ற மென்பொருளில் லுவா, பைத்தான் ஆகிய மொழிகளில் ஸ்கிரிப்ட் எழுதலாம். அவசரம் இல்லை. முதலில் மூன்று வரி மேக்ரோ கைக்குப் பழகட்டும்.

எங்கள் வீட்டில் இப்போது ஏழு இரவுக் கூத்தும் ஒரு பென் டிரைவில் இருக்கிறது. அதன் பிரதிகள் தாத்தாவோடு ஆடியவர்களின் பிள்ளைகள் வீட்டுக்கும் போய்விட்டன. ஆயா தினமும் மத்தியானம் ஒரு பக்கம் கேட்கிறார். இரைச்சலைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உங்கள் பரணில் உள்ளதை இந்த ஞாயிறு இறக்குங்கள். ஒரே ஒரு கேசட்டில் ஆரம்பியுங்கள்.