மிஞ்சிய ஒரு டப்பாவின் கணக்கு

ஏழாம் வகுப்பு வரை நான் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் படித்தேன். அங்கே ‘கேர்ள் ஸ்கவுட்ஸ்’ என்ற பெண்கள் சாரணர் இயக்கத்தில் இருந்தேன். நம் ஊரில் கைடுகள் இருக்கிறார்களே, அவர்களும் இவர்களும் ஒரே உலகச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள்தான். எங்கள் குழுவுக்கு என் அம்மா மூன்று வருடம் குக்கி பொறுப்பாளர். சம்பளம் கிடையாது, தொண்டுதான். நாம் பிஸ்கட் என்று சொல்வதைத்தான் அங்கே குக்கி என்பார்கள். வருடா வருடம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை அதை விற்றுத்தான் முகாமுக்கும் சேவைக்கும் பணம் சேர்ப்போம்.

இந்த இயக்கத்தை 1912-இல் ஜூலியட் கார்டன் லோ என்ற அம்மையார் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் தொடங்கினார். 1917-இல் ஓக்லஹோமாவில் மஸ்கோகி என்ற ஊரில் ஒரு குழு, வீட்டில் சுட்ட குக்கிகளை உயர்நிலைப் பள்ளி உணவுக் கூடத்தில் விற்றது. 1922-இல் இயக்கத்தின் பத்திரிகையில் ஒரு செய்முறை வந்தது. ஆறேழு டஜன் குக்கி சுட 26 முதல் 36 சென்ட் வரை செலவாகும், டஜனை 25 அல்லது 30 சென்ட்டுக்கு விற்கலாம் என்று அதில் இருந்தது. போட்டுப் பாருங்கள், ஒரு டாலருக்கு மேல் லாபம்! விற்காமல் மிஞ்சினாலும் வீட்டில் சாப்பிட்டு விடலாம், யாருக்கும் கடன் இல்லை.

1934-இல் பிலடெல்பியாவில் பேக்கரியில் செய்த குக்கி விற்பனைக்கு வந்தது. 1936 முதல் தேசிய அமைப்பே பேக்கரிகளுக்கு உரிமம் தந்தது. (உலகப் போரில் மாவு, சர்க்கரை, வெண்ணெய்க்குப் பஞ்சம் வந்தபோது 1944-இல் குக்கிக்குப் பதிலாகக் காலண்டர் விற்றார்களாம்!) இப்போது இரண்டு பேக்கரிகள் செய்கின்றன. அதனால்தான் ஒரே மாதிரி குக்கிக்கு ஓர் ஊரில் சமோவாஸ், இன்னோர் ஊரில் கேரமல் டிலைட்ஸ் என்று பெயர். எனக்குப் பிடித்தது தின் மின்ட்ஸ். அங்கே அதிகம் விற்பதும் அதுதான்.

பேக்கரி வந்த பிறகு கணக்கே மாறிவிட்டது. 12 டப்பா ஒரு கேஸ். எத்தனை கேஸ் வேண்டும் என்று குழு முன்கூட்டியே சொல்ல வேண்டும். கவுன்சில் என்னும் வட்டார அமைப்பு அதைக் கடனாகக் கொடுக்கும். பொறுப்பாளர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் கவுன்சிலில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. எங்கள் வீட்டு ஹாலில் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும், டி.வி. தெரியாது!

எளிதாக இருக்க, ஒரு டப்பா விலை 6 டாலர், அதில் குழுவுக்கு 1 டாலர், கவுன்சிலுக்கு 5 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பேக்கரிக்கும் கவுன்சில்தான் பணம் கொடுக்கும். 100 கேஸ் எடுத்தால் 1,200 டப்பா. எல்லாம் விற்றால் குழுவுக்கு 1,200 டாலர். ஒரே ஒரு கேஸ் மிஞ்சினால்? 1,188 டப்பாவுக்கு 1,188 டாலர் வரும். மிஞ்சிய 12 டப்பாவுக்கும் கவுன்சிலுக்கு 60 டாலர் கட்டியே ஆகணும். கையில் நிற்பது 1,128. அதாவது மிஞ்சுகிற ஒவ்வொரு டப்பாவும், வேறு ஐந்து டப்பா விற்ற உழைப்பைத் தின்றுவிடும். கள்ள நோட்டு இன்னும் மோசம். ஒரு 20 டாலர் கள்ள நோட்டை ஏமாந்து வாங்கினால் 20 டப்பாவின் பங்கு போச்சு.

அதனால் அம்மா முதலில் நிறைய எடுக்க மாட்டாங்க. “குறைஞ்சா போய் எடுத்துக்கலாம், மிஞ்சினா என்ன பண்றது?” என்பாங்க. கூடுதலாக வேண்டுமானால் ‘கப்போர்டு’ என்ற கிடங்கில் போய் எடுக்கலாம். கடை வாசலில் மேசை போட்டு விற்கும்போது தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை டப்பாக்களை எண்ணுவோம். குறைந்த டப்பாவும் பெட்டியில் உள்ள பணமும் ஒத்துப் போகணும். மேசையில் பெரியவர்கள் இருப்பார்கள், ஆனால் விற்பதும் சில்லறை கொடுப்பதும் நாங்கள்தான். ஆறு வயசுக் குழந்தை மீதி எண்ணும்போது வரிசையே பொறுமையாக நிற்கும். அதைப் பிடுங்கி வேகமாக எண்ணிக் கொடுக்கும் பெரியவர்களை அம்மாவுக்குப் பிடிக்காது, எனக்கும்தான்.

வந்த பணம் யாருடையது? இதில்தான் சண்டையே வரும். ஒரு வருடம் ஒரு பெண் 400 டப்பா விற்றாள், இன்னொரு பெண் 30. முதல் பெண்ணின் அம்மா, “என் பொண்ணு பங்கைத் தனியா எழுதி வையுங்க” என்று கேட்டார். இயக்கத்தின் விதிப்படி அப்படிப் பிரிக்கக் கூடாது. பணம் குழுவுக்குச் சொந்தம், தனிப்பட்ட யாருக்கும் இல்லை. அதிகம் விற்றவளுக்குக் கவுன்சில் பரிசு உண்டு, அது வேறு. அந்த 30 டப்பாக்காரியின் அம்மா இரவு வேலைக்குப் போகிறவர், கூட்டிப்போய் விற்க ஆளில்லை. இரண்டு பேரும் முகாமில் ஒரே கூடாரத்தில் தூங்கினார்கள்.

நண்பர்களே, உங்களுக்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன அதே விலை. ஒரு குழு 50 கேஸ் எடுத்தது. 9 டப்பா மிஞ்சியது. ஒரு 20 டாலர் கள்ள நோட்டும் வந்துவிட்டது. குழு கையில் நின்றது எவ்வளவு? விடையைத் தாளில் எழுதி 9 ‘ஆ’ பிரிவில் என்னிடம் கொடுங்கள். வழிமுறையும் எழுத வேண்டும்.