தாத்தாவின் மறதி

ஜோலார்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் நீ கேட்ட கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. காலை மாத்திரை போட்டோமா இல்லையா என்று தாத்தாவுக்கு நினைவில்லை. ஆனால் கேத்தாண்டப்பட்டி, வாணியம்பாடி, விண்ணமங்கலம், ஆம்பூர், பச்சகுப்பம் என்று காட்பாடி வரைக்கும் ஒரு ஸ்டேஷன் விடாமல் ஒப்பிக்கிறார். "அப்போ அவருக்கு ஞாபகம் இருக்கா, இல்லையா?" என்றாய். "வயசானா மறக்கத்தான் செய்யும்" என்று உன் வீட்டில் ஒரே வரியில் முடித்துவிட்டார்களாம். அந்த ஒரு வரியில்தான் எனக்கு ஆற்றாமை.

ஞாபகம் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-இல் வலிப்புக்காக அறுவை செய்தபோது, மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு புதிதாக நடந்தது எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரைக் கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் ஒன்றை வரையச் சொன்னார். ஒவ்வொரு முறையும், இதற்கு முன் வரைந்ததே அவருக்கு நினைவில்லை. கை மட்டும் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்து யோசிக்கத் தோன்றும்.

உன் தாத்தா இன்ஜின் டிரைவராக இருந்தவர். சிக்னல் கண்ணில் பட்டதும் டிரைவரும் அசிஸ்டெண்டும் ஒருவருக்கொருவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டிஸ்டண்ட், ஹோம், ஸ்டார்ட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் இதே முறைதான். கண், வாய், காது மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. பணிக்காலம் முழுக்க அப்படிப் பதிந்த பாதை அவ்வளவு சுலபத்தில் அழியாது. மாத்திரை விஷயம் அப்படியா? விழுங்கினார், எழுந்து போனார், எதிலும் பதியவில்லை. இனி மாத்திரை அட்டையை விரலால் தொட்டு, "காலை மாத்திரை போட்டாச்சு" என்று உரக்கச் சொல்லச் சொல். நீ பக்கத்தில் நின்று திருப்பிச் சொல். அவருக்குப் பழகிய முறைதானே!

ஆனால் வழக்கம் நோயை மறைக்கவும் செய்யும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் பங்குகொண்ட 10/66 என்ற முதுமை மறதி ஆய்வைப் பற்றிப் படி. உலகின் முதுமை மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தும், ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியதாக இல்லாததால் அப்போது வந்த பெயர் அது. 2008-இல் வந்த கணக்கில், அமெரிக்க அளவுகோலின்படி கியூபாவில் 6.3 சதவீதம் முதியோருக்கு இந்நோய். இந்தியக் கிராமத்திலோ 0.3 சதவீதம்தான். நம் கிழவர்கள் கெட்டிக்காரர்கள் என்று பெருமைப்படாதே. அந்த ஆய்வாளர்கள் தங்கள் சொந்த அளவுகோலை வைத்தபோது எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. காரணம், வயசு என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். சாப்பாடு தட்டில் வருகிறது, துணி துவைத்து வருகிறது, கணக்கு வழக்கை மகன் பார்த்துக்கொள்கிறான். தடுமாற்றம் எப்படி வெளியே தெரியும்? "நீங்க சும்மா உட்காருங்கப்பா" என்று கடைக்குப் போகும் பையைப் பிடுங்குகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதை மரியாதை என்று வேறு நினைக்கிறார்கள்.

பேர் நாக்கு நுனியில் நின்று, சாயங்காலம் வந்துவிட்டால் அது வயசு. தினம் போகும் பால் கடைக்கு வழி தப்பினால், கேட்டதையே கால் மணிக்கொரு தரம் கேட்டால், காபி போடும் வரிசை குழம்பினால் அது வயசு இல்லை. அப்போதும் பதறாதே. தைராய்டு, பி12 குறை, மனச்சோர்வு, சில மருந்துகள் இவற்றாலும் மறதி வரும். அவற்றைச் சரிசெய்ய வழி உண்டு. இன்ஜின் இரைச்சலில் காலம் கழித்தவர், காதையும் பார்க்கச் சொல். சரியாகக் கேட்காதது மனதில் எப்படித் தங்கும்?

இந்த மாதமே தாத்தாவை வேலூருக்குக் கூட்டிப்போ. கடைப் பையை மட்டும் அவர் கையிலிருந்து வாங்காதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்