குதிகாலுக்கு வேண்டியது

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. குதிகால் இரண்டும் வெடித்துக் கிடக்கிறது, படுத்தால் விரிப்பின் நூல் மாட்டி இழுக்கிறது, வேலை பார்க்கும் கடையில் செருப்பைக் கழற்றி நிற்கவே வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் கலந்து தேய்த்தால் ஒரே இரவில் தோல் உரிந்துவிடும் என்று சொல்லும் வீடியோவை நம்பலாமா என்றும் கேட்டிருந்தாய். நம்ப வேண்டாம். செவிலியராக நான் பார்த்த பாதங்கள் அத்தனையும் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: பாதத்தைச் சுரண்டிச் சரிசெய்ய முடியாது, பதப்படுத்தித்தான் சரிசெய்ய முடியும்.

குதிகாலில் தடித்திருப்பது அழுக்கு இல்லை. உன் சோம்பலால் வந்ததும் இல்லை. உடம்பிலேயே தடிமனான மேல்தோல் உள்ளங்காலில்தான் இருக்கிறது. கண்ணிமையில் ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் இருக்கும் மேல்தோல், உள்ளங்காலில் 1.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். அடியில் பிறக்கும் புதிய செல்கள் மேலே ஏற ஏற, கெரட்டின் என்ற கெட்டியான புரதத்தால் நிறைந்து, உயிரிழந்து, அடுக்கடுக்காகப் படிகின்றன. கல்லையும் காய்ந்த தரையையும் உன் கால் தாங்குவது அந்த இறந்த அடுக்கினால்தான். எங்கே அழுத்தமும் உராய்வும் கூடுகிறதோ, அங்கே உடம்பு அதை இன்னும் தடிமனாக்குகிறது. மிகுந்துபோனதை மட்டும் குறைப்பதுதான் நம் வேலை. மொத்தமாக உரித்தெடுத்தால் கால் எரியும், நடக்க வலிக்கும், உடம்பு மறுபடியும் அதைவிட வேகமாகத் தோலைத் தடிக்க வைக்கும்.

வெடிப்பு எப்படி வருகிறது தெரியுமா? உடம்பின் மற்ற இடங்களில் தோலுக்கு எண்ணெய்ப் பசை தரும் சுரப்பிகள் உள்ளங்காலில் கிடையாது. அங்கே இருப்பவை வியர்வைச் சுரப்பிகள் மட்டுமே. நீ நிற்கும்போது குதிகாலுக்கு அடியில் உள்ள கொழுப்புத் திண்டு அழுந்திப் பக்கவாட்டில் விரிகிறது. ஈரப்பசையுள்ள தோல் கூடவே நெகிழும். காய்ந்து தடித்த தோல் நெகிழ முடியாமல் பிளந்துவிடும். பின்பக்கம் திறந்த ரப்பர் செருப்பு அந்த விரிவைத் தடுப்பதில்லை. ஏசிக் காற்றும், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்பதும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இனி செய்முறைக்கு வருகிறேன். வாரத்தில் இரண்டு நாள், வேலை முடிந்து வந்த இரவில் செய்தால் போதும். ஒரு பக்கெட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொள். முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. பத்து முதல் பதினைந்து நிமிடம் கால்களை ஊற வை. ஒரு கைப்பிடி கல் உப்புப் போடுவது நம் வீடுகளில் வழக்கம்; வெடிப்பில் எரிந்தால் அதை விட்டுவிடு. தடித்த தோலை இளக்குவது தண்ணீர்தான். அதற்காக அரைமணி, ஒரு மணி என்று ஊறக் கூடாது. தோல் வெளுத்துச் சுருங்கும் அளவுக்கு ஊறினால், பிறகு முன்பைவிட அதிகமாகக் காயும்.

ஊறியபின் தேய்க்க, முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய் நாரே போதும். தடிப்பு அதிகமாக இருந்தால் கடையில் கிடைக்கும் நுரைக்கல்லை நனைத்துப் பயன்படுத்து. உன் ஆச்சி காலத்தில் குளிக்கும்போது துவைக்கிற கல்லிலேயே குதிகாலைத் தேய்த்துவிட்டு மஞ்சள் பூசிக்கொள்வார்கள். நல்ல வழக்கம்தான், ஆனால் ஒரே கல்லில் வீடே தேய்த்தால் ஒருவர் காலில் இருக்கும் பூஞ்சை எல்லாருக்கும் ஒட்டும். விடுதியில் இருக்கும் உனக்கு உன் கல் தனியாக இருக்கட்டும். தேய்த்தபின் கல்லைக் கழுவி வெயிலில் காய வை. ஒரே திசையில், மெதுவாக, இரண்டு மூன்று நிமிடம் தேய்த்தால் போதும். தோல் சிவந்தாலோ எரிந்தாலோ அங்கேயே நிறுத்திவிடு. ஆழமான வெடிப்பின் மேல் கல்லை வைக்காதே. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், பிளேடு, கத்தரிக்கோல் எதுவும் காலுக்கு அருகில் வர வேண்டாம்.

பலரும் இத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் முக்கியமான பாதி இனிமேல்தான் இருக்கிறது. காலை ஒற்றித் துடை; விரலிடுக்குகளை நன்றாக உலர்த்து. குதிகாலில் ஈரம் முழுவதும் காய்வதற்கு முன்பே எண்ணெய் தடவு. எண்ணெய் தானாக ஈரத்தைத் தராது. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியேற விடாமல் காக்கும். அதனால்தான் காய்ந்த காலில் தடவுவதைவிட நனைந்த காலில் தடவும்போது பலன் அதிகம். தேங்காய் எண்ணெய் நல்லது. அடர்த்தியான விளக்கெண்ணெய் நெடுநேரம் நிற்கும். சாதாரண வாசலின் இவற்றைவிட நன்றாக ஈரத்தைப் பூட்டும், விலையும் குறைவு. தடவியபின் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு தூங்கு. தேய்ப்பது வாரம் இரண்டு நாள் என்றாலும், எண்ணெய் தினமும் வேண்டும். விரலிடுக்கில் மட்டும் தடவாதே, அங்கே ஈரம் தேங்கினால் பூஞ்சை வளரும்.

வீட்டில் பயன்படுத்தும் மற்றப் பொருள்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிளிசரினில் பன்னீர் கலந்து தடவலாம். கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். கற்றாழைச் சோறும், கனிந்த வாழைப்பழ மசியலும் கெடுதல் இல்லை, ஆனால் எண்ணெய் செய்யும் வேலையை அவை செய்யாது. வயலில் நடவு செய்யும் பெண்கள் சேற்றுப்புண்ணுக்கு மருதாணி இலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவார்கள். அரைத்த இலை வேறு, கடையில் கறுப்பு மருதாணி என்று விற்கும் கூம்பு வேறு. அதில் கலக்கும் சாயம் தோலைக் கொப்பளிக்க வைக்கும். எலுமிச்சைச் சாறு தோலுக்குப் பொருந்தாத கடும் புளிப்பு, சோடா அதற்கு நேரெதிரான காரம். ஒன்று வெடிப்பை எரிக்கும், மற்றது தோலின் காப்பைக் குலைக்கும். இரண்டையும் கலந்தால் நுரைத்து ஒன்றையொன்று முறித்துக்கொள்ளுமே தவிர, தோலை இளக்காது. இரண்டு மூன்று வாரம் எண்ணெய் தடவியும் தடிப்பு குறையாவிட்டால் மருந்துக்கடையில் யூரியா கலந்த பாதக் கிரீம் கேட்டு வாங்கு. அது இறந்த தோலை இளக்கி ஈரத்தையும் நிறுத்தும். வயலுக்குப் போடும் உரத்தைக் கரைத்துப் பூசுவது அதற்கு ஈடாகாது, ஆபத்தும்கூட.

கயல், எவ்வளவு எண்ணெய் தடவினாலும் நாளெல்லாம் நிற்க வைத்தால் குதிகால் மறுபடி தடிக்கத்தான் செய்யும். ஆகவே கடையிலும் ஒரு மாற்றம் வேண்டும். கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் போராடியதால் கேரளத்தில் 2018இல் உட்காரும் உரிமை சட்டமானது. 2021 செப்டம்பரில் நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. ஊழியர்கள் எல்லாருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. தோழிகளோடு சேர்ந்து மேலாளரிடம் ஸ்டூல் கேள். இது அவர் செய்யும் தயவு இல்லை, உங்கள் உரிமை. கூடவே, குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும், மெத்தென்ற அடிப்பகுதி உள்ள செருப்பு ஒன்றும் வாங்கிக்கொள்.

எல்லாத் தடிப்பும் வெறும் இறந்த தோல் இல்லை. விரலிடுக்கு வெளுத்து அரித்தாலோ, உள்ளங்கால் ரேகைகளில் மாவு பூசியதுபோல் உதிர்ந்தாலோ பூஞ்சையாக இருக்கலாம். தோழி கொடுத்த ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ பரவும். சொரியாசிஸ், கரப்பான், தைராய்டுக் குறைவு இவையும் இப்படித் தோன்றக்கூடும். ரத்தம், சீழ், வீக்கம், சூடு இருந்தால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போ.

இன்னொன்று, இந்தச் செய்முறையை அப்படியே அம்மாவுக்குச் செய்துவிடாதே. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் அந்த நோய் இருக்கிறது. அவர்களில் பலருக்கு நாளடைவில் பாதம் மரத்துப்போகிறது. அது ஏன் ஆபத்து என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதம் தானாகவே அழுகுவதாக அன்று எல்லாரும் நம்பினார்கள். வலி தெரியாததால் காயத்தின் மேலேயே திரும்பத் திரும்ப நடப்பதுதான் பாதத்தைச் சிதைக்கிறது என்று அவர் காட்டினார். சர்க்கரையால் மரத்த பாதத்துக்கும் இது பொருந்தும். உனக்கு எரிந்தால் காலை இழுத்துக்கொள்வாய். அம்மாவுக்குச் சூடும் தெரியாமல் போகலாம், கல் கீறியதும் தெரியாமல் போகலாம். அவருக்கு ஊறவைப்பதும் வேண்டாம், கல்லும் வேண்டாம். கழுவி, உலர்த்தி, விரலிடுக்கைத் தவிர்த்து எண்ணெய் தடவினால் போதும். தடிப்பை மருத்துவர் குறைக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது நல்ல வெளிச்சத்தில் அம்மாவின் பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் நன்றாகப் பார். அவர் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்வார், விடாதே. சின்னப் புண்ணோ, நிறம் மாறிய இடமோ தெரிந்தால் மறுநாளே மருத்துவமனைக்குக் கூட்டிப் போ. எனக்கும் ஒரு போன் செய்.

அன்புடன்,
உன் அத்தை